வாசலில் நிற்கிற வண்டி



சென்ற இதழில் கோடை வெயிலுக்கு நீராகாரம் பற்றி எழுதியிருந்தேன். “அடுத்து வடகம் போடுவது பற்றி எழுதுங்கள்” என்று கேட்டிருந்தீர்கள். வடகம் எங்கேயும் போய்விடாது, மாடியில்தான் காய்கிறது. இந்தத் தடவை வாசலைத் தாண்டிக் கொஞ்சம் ரோட்டுக்கு வாருங்கள்.

“ரோடு, பார்க்கிங் எல்லாம் ஆம்பிளைகள் சமாசாரம், நமக்கு என்ன?” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுவது யார்? பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்கூல் வேனுக்கு ஓடுவது யார்? வயசான மாமியாரை நடத்திக்கொண்டு டாக்டரிடம் போவது யார்? ரோட்டில் வண்டியில் போகிறவர்களைவிட, ரோட்டோரத்திலேயே நாள் முழுக்கப் புழங்குகிறவர்கள் நாம்தான். அதனால் அங்கே எது மாறினாலும் முதலில் இடிப்பது நம் முழங்கையைத்தான்.

எங்கள் வீடு தூத்துக்குடியில், பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. என் மாமனார் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். 1974-ல் தூத்துக்குடியைப் பெரிய துறைமுகம் என்று அறிவித்த சமயத்தில் வேலைக்குச் சேர்ந்து, சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டிய வீடு. மழைத் தண்ணீர் ஏறக்கூடாது என்று வாசலுக்கு ஐந்து படி வைத்தாராம். நான் கல்யாணமாகி வந்தபோது நான்கு படி இருந்தது. மூத்தவன் நடை பழகினபோது மூன்று. இப்போது ஒன்றே ஒன்று. அதுவும் பாதி! “படி எங்கயும் போகல. ரோடுதான் ஏறி ஏறி வந்து படிய முழுங்கிட்டு” என்பார்கள் என் அத்தை.

அந்தப் பேச்சின் அர்த்தம் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில்தான் எனக்கு முழுசாக விளங்கியது. அந்த மழையை யாரால் மறக்க முடியும்? பக்கத்தில் இருக்கிற காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. ஊரே தண்ணீரில் நின்றது. எங்கள் நடுவீட்டில் முழங்கால் ஆழம். அரிசிப் பானையைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, அத்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனோம். அப்படிப்பட்ட மழைக்கு ஐந்து படி இருந்திருந்தாலும் தண்ணீர் வந்திருக்கலாம், வாஸ்தவம்தான். ஆனால் வந்த தண்ணீர் திரும்பிப் போக வேண்டாமா? ரோடு உயரமாகவும் வீடு பள்ளமாகவும் ஆகிவிட்டால் எங்கே வடியும்? வாளி வாளியாக இறைத்துத்தான் வெளியேற்றினோம்.

ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பழைய ரோட்டின் மேலேயே புது ரோட்டைப் போட்டு உயர்த்தக்கூடாது. பழைய மேல்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே மட்டத்துக்குத்தான் புதிதாகப் போட வேண்டும். 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அவர்கள் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கச் சொல்லி உத்தரவே போட்டார். தோசைக் கல்லில் முதல் தோசையை எடுக்காமல் அதன் மேலேயே அடுத்த மாவை ஊற்றுவோமா? அதே கதைதான் இதுவும்.

நல்லது நடந்தால் நல்லது என்றும் சொல்ல வேண்டும். 2017-ல் நம் ஊர் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. அதன் பிறகு பழைய பஸ் ஸ்டாண்டைப் புதிதாகக் கட்டினார்கள். பல ரோடுகளில் வடிகால், நடைபாதை, விளக்கு எல்லாம் வந்தன. இருட்டினால் குழியில் கால் வைத்துச் செருப்பு அறுந்த காலம் எனக்கு நினைவு இருக்கிறது. ஆகவே மாற்றமே வேண்டாம் என்று சொல்கிறவள் இல்லை நான்.

எங்கள் தெருவுக்கும் மாற்றம் வந்தது. வடிகாலுக்கு மூடி போட்டார்கள். மூடியின்மேல் நடக்கிறதற்கென்று இரண்டு பக்கமும் இரண்டரை அடி அகலத்துக்குச் சிமெண்ட் கல் பதித்தார்கள். தெருமுனையில் ஒருவழிப் பாதை ஆக்கினார்கள். கடைத்தெருவில் ‘வண்டி நிறுத்தக்கூடாது’ என்று போர்டு வைத்தார்கள். எந்த ஆபீஸ், எந்த அதிகாரி என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒருவரைத் திட்டித் தீர்ப்பதற்காக இந்தப் பக்கம் எனக்குக் கொடுக்கப்படவில்லை. பிறகு நடந்ததைப் படித்தால், திட்ட வேண்டியது யாரை என்று உங்களுக்கே புரியும்.

கடைத்தெருவில் போர்டு வைத்த மறுநாளே அங்கே நின்ற கார்கள் எல்லாம் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டன. வாய்க்காலை ஒரு பக்கம் அடைத்தால் தண்ணீர் மறுபக்கம் பாயாதா? ஜவுளி எடுக்க வருகிறவர்கள், நகைக்கடைக்கு வருகிறவர்கள், எல்லாருக்கும் எங்கள் வாசல்தான் நிறுத்துமிடம். ஆளாளுக்கு ஒரு குறை. “எங்க வீட்டு கேட்டைத் திறக்கவே முடியல” என்றார்கள் மூன்றாம் வீட்டு டீச்சர். வேன் உள்ளே வராததால் குழந்தைகளைத் தெருமுனைக்குக் கொண்டுபோய் விட வேண்டியிருக்கிறது என்றாள் மாடி வீட்டுப் புதுப்பெண். வேப்பமரத்தடியில் இருபது வருஷமாகச் சாளையும் நெத்திலியும் விற்கிற மீன்கார அக்காவுக்கு மரத்தடியே இல்லாமல் போயிற்று. “நிழலுக்குக் காரு நிக்கி, வெயிலுக்கு நான் நிக்கேன்” என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்றது.

நானும் சும்மா இருக்கவில்லை. தினமும் காலையில் கோலம் போட்டுக்கொண்டே எதிர்வீட்டு ஆச்சியிடம் எல்லாரையும் பற்றிக் குறை சொல்வேன். ரோடு போட்டவர்களை, போர்டு வைத்தவர்களை, கார்க்காரர்களை, ஒருத்தர் பாக்கியில்லை.

ஒருவரை மட்டும் விட்டுவிட்டேன். என்னை!

அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக என்று என் வீட்டுக்காரர் பழைய கார் ஒன்று வாங்கினார். வீட்டுக்குள் நிறுத்த இடம் ஏது? வாசலில்தான். ‘நம்ம வாசல்தானே’ என்ற எண்ணம். கார் வெளியே போனால் வேறு யாரும் நிறுத்திவிடக்கூடாது என்று இரண்டு கருங்கல்லும் ஓர் உடைந்த வாளியும் வைத்து இடம் பிடித்தது நான்தான். மூத்தவனின் மோட்டார் பைக்கை இரவில் வீட்டுக்குள் ஏற்றச் சிமெண்டில் சரிவு ஒன்று கட்டினோம். அது வடிகால் மூடி முழுவதையும், அதாவது நடக்கிற இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டது. பகலில் பைக் அந்தச் சரிவின்மேலேயே நிற்கும். கார் அதை ஒட்டி ரோட்டில் நிற்கும்.

எதிர்வீட்டு ஆச்சிக்கு எழுபத்து நான்கு வயசு. தினமும் சாயங்காலம் பனிமய மாதா கோவிலுக்கு நடந்தே போய் வருவார்கள். அன்று இருட்டுகிற நேரம். அவர்கள் பக்கத்தில் வரிசையாகக் கார்கள் நின்றதால் எங்கள் பக்கமாக வந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு நேரே வந்ததும் பைக் வழியை மறித்தது. இறங்கிக் காரைச் சுற்றி நடுரோட்டுக்குப் போனார்கள். எதிரே ஆட்டோ. ஒதுங்குகிற அவசரத்தில் காருக்குப் பின்னால் திரும்பியவர்கள், எங்கள் சிமெண்டுச் சரிவின் விளிம்பில் கால் இடறி அப்படியே பக்கவாட்டில் விழுந்துவிட்டார்கள்.

சத்தம் கேட்டு ஓடினேன். அதற்குள் இரண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்கப் போனார்கள். “தூக்காதீங்க!” என்று கத்தினேன். சகோதரிகளே, இதை நீங்களும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். வயசானவர்கள் விழுந்து, இடுப்பிலோ தொடை இடுக்கிலோ வலி என்று சொன்னால், ஒரு கால் குட்டையானது போலவோ பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியோ தெரிந்தால், இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். எழுப்பி நிறுத்திப் பார்க்கக்கூடாது. நடக்கச் சொல்லக்கூடாது. எண்ணெய் போட்டு உருவவே கூடாது. எப்படிக் கிடக்கிறார்களோ அப்படியே அசையாமல் வைத்து, காலுக்கு இரண்டு பக்கமும் தலையணையோ சுருட்டிய துணியோ அண்டக் கொடுத்து, போர்த்திவிட்டு 108-க்குப் போன் செய்ய வேண்டும். ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் காபி, தண்ணீர் என்று எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம்.

ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் எங்கே வந்தது? தெருமுனைக்கு! உள்ளே வர முடியவில்லை. இரண்டு பக்கமும் கார். எதிரே நின்ற காரின் சொந்தக்காரர் எந்தக் கடையில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரர் எங்கள் கார்ச் சாவியைத் தேடி வீட்டுக்குள் ஓடினார். கடைசியில் அந்தப் பணியாளர்கள் ஸ்ட்ரெச்சரைக் கையில் தூக்கிக்கொண்டு தெரு நெடுக நடந்து வந்தார்கள். ஆச்சியை அதில் வைத்து, கார்களுக்கு நடுவே இடித்து இடித்து, திரும்ப நடந்தார்கள். ஒவ்வொரு அசைவுக்கும் ஆச்சி பல்லைக் கடித்துக்கொண்டதைக் கூடவே நடந்து பார்த்தேன்.

அவர்கள் என் கையைப் பிடித்து என்ன சொன்னார்கள் தெரியுமா? “நீ அழாத தாயி. நாந்தான் பாத்து வரல.”

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரிடம் சொன்னேன்: “மாரடைப்பு என்று அத்தைக்காக அந்த வண்டி வந்திருந்தாலும் அங்கேதான் நின்றிருக்கும்.” அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் கருங்கல், வாளி இரண்டையும் அவரே எடுத்துப் பின்கட்டில் போட்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மாடி வீட்டுப் பெண்ணும் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு தெருவை அளந்தோம். மாதச் செலவுக்குக் கணக்கு எழுதுகிற நமக்கு இது பெரிய வித்தையா என்ன? சுவருக்குச் சுவர் 22 அடி. இரண்டு பக்கமும் நடக்கிற இடத்துக்கு இரண்டரை அடி வீதம் ஐந்து அடி போனால், மிச்சம் 17. ஒரு கார் கண்ணாடியோடு சேர்த்துச் சுமார் ஆறு அடி பிடிக்கிறது. இரண்டு பக்கமும் நின்றால் 12 அடி போய், மிச்சம் ஐந்தே அடி. ஆட்டோ நுழையலாம். ஆம்புலன்ஸுக்கு ஏழு அடியாவது வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கார் நின்றால் மிச்சம் எவ்வளவு? பதினோரு அடி! ஆம்புலன்ஸ் தாராளமாக வரும். இவ்வளவுதான் கணக்கு. இத்தனை நாள் வாயால் சண்டை போட்டோமே தவிர, ஒருவரும் அளந்து பார்க்கவில்லை.

நடைபாதையில் தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது ஆறடி அகலம் வேண்டும் என்பது இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த விதி. எங்கள் தெருவில் அதற்கு இடமில்லை. இருக்கிற இரண்டரை அடியையாவது விட்டுவைக்க வேண்டாமா?

அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, எங்கள் திண்ணையில் தெருக்காரர்களைக் கூட்டினோம். பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் வந்தார்கள், ஆண்களில் ஐந்து பேர். முதலில் சண்டைதான். “எங்க மருமகன் வந்தா எங்க நிறுத்துவாக?” என்றார்கள் டீச்சர். “உங்க பக்கம் நிறுத்தாதீக, எங்க பக்கம் மட்டும் வரிசையா நிறுத்துங்கன்னா என்ன நியாயம்?” என்றார் கோடி வீட்டு அண்ணாச்சி. அவர் கேட்டதும் நியாயம்தான். ஆகவே ஆறு மாதம் கிழக்குப் பக்கம், ஆறு மாதம் மேற்குப் பக்கம் என்று முடிவாயிற்று. சிமெண்டுச் சரிவுகளை உடைத்துவிட்டு, வண்டி ஏற்றும்போது மட்டும் போட்டு, பிறகு தூக்கி உள்ளே வைத்துக்கொள்கிற இரும்புத் தகடு செய்துகொள்வது என்று பேசினோம். முதலில் உடைத்தது எங்கள் சரிவை. அதற்குக் கடப்பாரை எடுத்தவன் என் மூத்த மகன்.

நம் ஊரில் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறீர்களா? வருஷா வருஷம் ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை மாதா கோவில் திருவிழாவுக்காகப் போக்குவரத்தை மாற்றி விடுகிறார்கள். லட்சக்கணக்கில் கூட்டம். யாரும் பெரிதாகச் சண்டை போடுவதில்லை. ஏனென்றால் எந்த ரோடு அடைபடும், வண்டியை எங்கே விட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். காரணமும் எல்லாருக்கும் தெரியும். ஒரு தெருவில் நிரந்தரமாக மாற்றம் செய்யும்போதும் அப்படி முன்னால் சொல்லிக் கேட்டுச் செய்தால் பாதிக் குறை வராது. வண்டி நிறுத்தக்கூடாது என்று போர்டு வைக்கிறவர்கள், எங்கே நிறுத்தலாம் என்றும் காட்ட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-வது பிரிவு, உள்ளாட்சியைக் கலந்துகொண்டு நிறுத்துமிடங்களைக் குறிக்க வழி செய்கிறது. அதே சட்டத்தின் 122-வது பிரிவு, மற்றவர்களுக்கு ஆபத்தாகவோ இடைஞ்சலாகவோ பொது இடத்தில் வண்டியை விட்டுப் போகக்கூடாது என்கிறது. உரிமை, கடமை இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன!

ஜப்பானில் 1962-லேயே சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். கார் வாங்குகிறவர்கள் பொதுவாக அதை நிறுத்தச் சொந்தமாகவோ வாடகைக்கோ இடம் இருக்கிறது என்று முதலில் நிரூபிக்க வேண்டும். நாமோ காரை வாங்கி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு, அதன் பிறகு “எங்கே நிறுத்த?” என்று யோசிக்கிறோம். எங்கள் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இனி, உங்கள் தெருவில் இப்படி ஒரு தொல்லை என்றால் என்ன செய்யலாம்? எங்கள் அனுபவத்தில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

மனு எழுதும்போது “மிகவும் கஷ்டமாக இருக்கிறது, ஆவன செய்யவும்” என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை அடி, எந்த இடம், எந்த நேரம் என்று அளந்து எழுதுங்கள். போட்டோ இணையுங்கள். ஒரு மனுவில் மூன்று கோரிக்கைக்கு மேல் வேண்டாம். ஒருவர் பெயரில் போவதைவிடத் தெருவே கையெழுத்துப் போட்டுப் போவது நல்லது. கொடுத்த மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கி, ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் பத்திரமாக வையுங்கள்.

எங்கே கொடுப்பது? நம் மாநகராட்சியில் 60 வார்டுகள், நான்கு மண்டலங்கள். உங்கள் கவுன்சிலரிடமும் மண்டல அலுவலகத்திலும் கொடுக்கலாம். 2022-ல் நடந்த தேர்தலில் பாதி இடங்கள் பெண்களுக்கே ஒதுக்கப்பட்டன. நம் கஷ்டம் அவர்களுக்கும் வீட்டில் இருப்பதுதானே? திங்கள்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள் உண்டு. கிராமசபை மாதிரி ஊர்ப்புறத்தில் மட்டும் இல்லாமல், 2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும் பகுதி சபைக் கூட்டம் நடக்கத் தொடங்கியது. அறிவிப்பு வந்தால், அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு என்று சொல்லமாட்டேன், அணைத்துவிட்டே போங்கள். பதில் வராவிட்டால் 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். சாதாரணமாக 30 நாளில் பதில் தர வேண்டும். ரோட்டின் மட்டம் எவ்வளவு என்று திட்டத்தில் போட்டிருந்தார்கள், பழையதைச் சுரண்டினார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

மீன்கார அக்காவையும் மறக்க வேண்டாம். தெருவோர வியாபாரிகளுக்கென்று 2014-ல் மத்திய அரசு தனிச் சட்டமே போட்டது. அதன்படி அமைக்கிற நகர விற்பனைக் குழுவில் குறைந்தது நூற்றுக்கு நாற்பது பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். எங்கள் மனுவின் மூன்று கோரிக்கைகளில் ஒன்று, அந்த வேப்பமரத்தடியை அவர்களுக்கு விட வேண்டும் என்பது. ஒரு பக்கம் மட்டும் நிறுத்தலாம் என்று போர்டு வைக்க வேண்டும் என்பது இன்னொன்று. அடுத்த தடவை ரோடு போடும்போது சுரண்டிவிட்டுப் போட வேண்டும் என்பது மூன்றாவது.

பலன் என்ன என்று கேட்பீர்கள். உள்ளதைச் சொல்கிறேன். போர்டு இன்னும் வரவில்லை. ஆனால் எங்கள் வண்டிகள் ஒரு பக்கமாகத்தான் நிற்கின்றன. வெளியிலிருந்து வருகிறவர்களிடம் மாடி வீட்டுப் பெண் தன்மையாகச் சொல்கிறாள். பத்துப் பேரில் எட்டுப் பேர் கேட்கிறார்கள். மீன்கார அக்கா மறுபடி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆச்சிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாக்கர் பிடித்து நடக்கிறார்கள். மாதா கோவில் வரை இன்னும் போக முடியவில்லை, எங்கள் வீட்டு வாசல் வரை வருகிறார்கள். சரிவை உடைத்த இடத்தில் நான்கு சக்கர வாக்கர் தடங்கல் இல்லாமல் போகிறதா என்று நான் தினமும் பார்க்கிறேன். நேற்றுகூட, “கோலத்த மிதிச்சிருவேன் போலயே தாயி” என்று தயங்கி நின்றார்கள்.

“மிதிச்சுக்கிட்டே வாங்க ஆச்சி, நாளைக்கு வேற போட்டுக்கிடலாம்” என்றேன்.

நாளைக் காலையில் நீங்களும் ஒரு காரியம் செய்யுங்கள். கோலப்பொடிக் கிண்ணத்தை ஒரு நிமிஷம் கீழே வைத்துவிட்டு, உங்கள் வாசலில் ஒரு வயசானவர் குனியாமல், இறங்காமல், ஒதுங்காமல் நடந்து போக முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால், மனு எழுதுவதற்கு முன்னால் நம் வண்டியை நகர்த்துவோம்.

அடுத்த இதழில் வடகம். நிச்சயம்!